‘இல்ல சார்’ என்று சொல்லிவிட்டு வந்த மகளுக்கு

தேவி,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடாது. ஆனால் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்தது கோபத்தில்தான், அதை மறைத்து எழுத எனக்கு வராது. நேற்று நீயும் அப்பாவும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினீர்கள். குளித்துவிட்டு வந்து அடுப்படியில் என் பக்கத்தில் நின்றாய். உனக்குச் சொல்ல நான் பெரிய விஷயம் ஒன்றை வாய்க்குள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். வேர்க்கடலை உரித்துக்கொண்டே இன்டர்வியூ நடந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், படிப்புக்காக இல்லாமல் நீங்களாகவே சொந்தமாக ஏதாவது புரோகிராம் செய்ததுண்டா என்று கேட்டாராம். நீ ‘இல்ல சார்’ என்றாயாம். அப்புறம் அவர் வேறு எதையோ கேட்டாராம், நீ டக்கென்று பதில் சொன்னாயாம், கையோடு ஆர்டரும் கொடுத்துவிட்டார்களாம். நீ சொன்னதில் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ரசத்தில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன். நீயும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது. கரிக்கிற ரசத்தைக்கூட கரிக்கிறது என்று சொல்லமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிவிடுவாய். அதற்குள் வாயால் சொல்லலாம் என்று பார்த்தால், பேச ஆரம்பித்ததும் நீ ‘சரிம்மா, என் தப்புதான்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரைக்கும் படித்தாக வேண்டும்.

சொந்தமாக ஒன்றும் செய்யவில்லையா நீ? உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், கேள். நீ பாலிடெக்னிக் முதல் வருஷம் படித்தபோது நான் வேலை பார்க்கிற தொழிற்சாலை ஆபீசில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி, மின்விசிறி, துருப்பிடித்த அலமாரி இவற்றோடு ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. உன் அப்பா அதை ஏலத்தில் எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார். ‘இந்தா தாயி, ஓடுதான்னு பாரு’ என்று மட்டும் சொன்னார். அது ஓடியது. கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து சுடுகிற விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன. நீ மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்து, இதில் கதை சொல்ல முடியுமா என்று யோசித்தாய். படம் வரும், கீழே நாலு வரி வரும், படிக்கிறவர் இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று ஒரு எண்ணைத் தட்டினால் கதை அந்தப் பக்கம் திரும்பும். அப்படி ஒன்றை நீ எங்கேயும் பார்த்ததில்லை. யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

என்ன கதை என்று என்னைத்தான் கேட்டாய். நான் என் அக்கா கதையைச் சொன்னேன்.

உன் பெரியம்மா சரோஜா. வெள்ளானூரில் நாங்கள் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக வயலை விட்டுவிட்டு ரயில் ஏறி வேலைக்குப் போனவள் அவள்தான். அம்பத்தூரில் பல்பு செய்கிற கம்பெனி. காலையில் தூக்குச்சட்டியோடு ஆவடி ஸ்டேஷனுக்கு நடப்பாள், சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கி நடந்து வருவாள். நான் அப்போது பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அவள் திரும்பி வரவில்லை. அம்மா ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். உன் ஏழுமலை மாமாதான் வாசலில் குறுக்கே நின்றார். அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொன்னதுதான் சட்டம். ‘எவன்கூடவோ ஓடிப் பூட்டா. தேடிக்கினு போனா நம்ம மானம்தான் போவும். எவனும் ஊட்டை வுட்டு வெளிய போவக்கூடாது’ என்றார். அதற்கப்புறம் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை வண்டி வருகிற நேரத்துக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாமா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. அதனால் நீ என்னை உட்காரவைத்து, கட்டம் போட்ட தாளில் அவள் முகத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தாய். மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை என்பேன். நாலு கட்டத்தை அழிப்பாய். புருவம் இரண்டும் நடுவில் கிட்டத்தட்டச் சேர்ந்திருக்கும் என்பேன். இரண்டு கட்டம் நிரப்புவாய். அந்த மிஷினுக்குத் தமிழும் தெரியாது. எழுத்தையும் நீதான் கட்டம் கட்டமாகச் செய்தாய். ‘ணை’ என்ற எழுத்துக்குப் பழைய எழுத்து மாதிரி தும்பிக்கை வைப்பதா வேண்டாமா என்று நாமிருவரும் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் சாயங்காலம் தொழிற்சாலையில் சிப்பாய்களுக்குச் சட்டை தைத்துவிட்டு அலுத்துப்போய் வந்தேன். வா என்று கூப்பிட்டு ஒரு பொத்தானை அமுக்கினாய். பச்சை வெளிச்சத்தில் சரோஜா தூக்குச்சட்டியோடு நின்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இதைச் செய்தவள்தான் ‘இல்ல சார்’ என்று சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் நீ பட்ட பாட்டுக்கு நான் சாட்சி. சரோஜா ஆவடி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மெமரி நிரம்பிவிட்டது என்று மிஷின் நின்றுவிடும். ஒரு படத்தை எடுத்தால்தான் இன்னொரு படத்துக்கு இடம். மழைக்காலத்தில் பிளாப்பியில் பூஞ்சை பிடித்தது. ஊறுகாய்க்குப் பூஞ்சை பிடிக்கும், எனக்குத் தெரியும். கறுப்புத் தகட்டுக்குமா பிடிக்கும் என்று நான் வாயைப் பிளந்தேன். கரன்ட் இன்னொரு கொடுமை. பக்கத்து பிளாக்கில் தண்ணீர் மோட்டார் போட்டால் நம் வீட்டுத் திரை ஆமை தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி சுருங்கும். நீ சாயங்காலமெல்லாம் செய்த வேலை அதோடு போய்விடும். அதற்காக ஃபிரிட்ஜில் இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி உனக்குக் கொடுத்தோம். அந்தக் கோடையிலேயே ஃபிரிட்ஜ் மோட்டார் எரிந்துபோனது. நீ ‘என்னாலதாம்மா’ என்று ஒரு வாரம் அழுதாய். கரன்ட்டை ஒழுங்காகக் கொடுக்காதவன் ஒருத்தனும் அழவில்லை. நீ எதற்கு அழுதாய் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது.

நீ டிப்ளமோ முடித்து அம்பத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்ததும், அப்பாவும் ஓவர்டைம் பார்த்து, மிஷினைப் பெரிதாக்கினோம். புது போர்டு, ஹார்ட் டிஸ்க், கலர் திரை. பெட்டி மட்டும் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. ஆசையாகக் கதையைப் போட்டாய். சரோஜா வீட்டிலிருந்து கிளம்பினாள், கண்ணிமைப்பதற்குள் வேலை முடிந்து அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றாள். வரிகள் படிப்பதற்குள் ஓடிவிட்டன. பழைய மிஷின் மெதுவாக எண்ணும் என்று நம்பி, இத்தனை எண்ணு, அப்புறம் அடுத்த படம் காட்டு என்று நீ எழுதியிருந்தாயாம். புது மிஷின் அதையெல்லாம் ஒரு மூச்சில் எண்ணித் தள்ளிவிட்டதாம். அப்பா அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். ‘ஒங்க அக்கா இப்பம் எக்ஸ்பிரஸ்லல்லா போறா’ என்றார். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு, ஒவ்வொரு இடத்தையும் மறுபடி உட்கார்ந்து திருத்தினாய். இனி எந்த மிஷினில் போட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நகரும் என்று சொன்னாய். பச்சைப் புள்ளிகளுக்குக் கலர் கொடுத்தாய். அவள் புடவை என்ன கலர் என்று கேட்டாய். அன்று கட்டியிருந்தது அரக்கு, ஓரத்தில் மஞ்சள் கோடு என்றேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் என் அக்கா என்ன கலர் கட்டியிருந்தாள் என்று என்னைக் கேட்டார்கள். போலீசில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இப்போது அந்தக் கடைக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். கலர் படத்துக்கு மெமரி போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடவேண்டும் என்று அம்பத்தூரில் ஒரு கடையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாய். திரும்பக் கொண்டுவந்து போட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. நான் லீவு சொல்லிவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் டீ குடித்துக்கொண்டே, ‘ஃபார்மேட் பண்ணாத்தாம்மா நல்லா ஓடும். காப்பி வெச்சிக்க வேணாமா நீங்க?’ என்றான்.

‘அழிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டியாப்பா?’ என்றேன்.

‘இன்னாமா இது. அதுல இன்னா ஆபீஸ் கணக்கா கீது? பொம்மை படம்தானே.’

‘என் அக்கா இருந்தா அதுல.’

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் கத்தியிருப்பேன். அதற்குள் நீ என்ன சொன்னாய்? ‘சாரிண்ணா, என் தப்புதான், நான் காப்பி எடுத்திருக்கணும்’ என்றாய். வீட்டைக் கொள்ளையடித்தவனிடம், கதவுக்கு நல்ல பூட்டாகப் போட்டிருக்க வேண்டும், மன்னிச்சுக்கோங்க என்று சொல்கிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு கூலி வேறு கேட்டான். நான் கடை வாசலிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வருகிற ஒவ்வொருவரிடமும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் அழித்துவிடுகிறான், பார்த்துக் கொடுங்கள் என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் கூலியும் வேண்டாம் என்று, காப்பி எடுத்துவைத்துக்கொள்ள ஒரு பழைய டிஸ்க்கையும் கையில் கொடுத்து அனுப்பினான். பஸ்ஸில் நீ, அவமானமாக இருக்கிறது என்றாய். அவமானம் அவனுக்கு. அதை நீ எதற்கு வாங்கி உன் தலையில் வைத்துக்கொள்கிறாய்?

ஆனாலும் போனது போனதுதான். பூஞ்சை பிடித்த பிளாப்பிகளில் பாதி படித்தது, பாதி படிக்கவில்லை. கட்டம் போட்ட தாள்கள்தான் மிச்சம். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘செத்த வீட்டுலயே பதினாறு முடிஞ்சதும் எந்திரிச்சு வேலைக்குப் போறோம் தாயி. இது கருமாதி முடிஞ்ச கணக்குன்னு வச்சுக்க. எந்திரி’ என்றார். நீ எழுந்தாய். முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் செய்தாய். இந்தத் தடவை அக்கா முன்னைவிட நன்றாகவே வந்தாள். சிரிக்கும்போது ஒரு பல் மட்டும் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதையும் வைத்தாய்.

அப்புறம் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் கண்காட்சி. நீயே எழுதிப்போட்டு இடம் வாங்கினாய். நம் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம், அங்கேயே மிஷின் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நாமிருவரும் போய்ப் பார்த்தால் கலர் காட்டாத மிஷின். உன் படங்கள் அதில் சேறு பூசியது மாதிரி தெரிந்தன. எழுத்து பாதி வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் சம்பளக் கணக்கு, லைப்ரரி கணக்கு என்று வைத்திருந்தார்கள். பரிசு கொடுக்க வந்த ஒருவர் உன் மேஜைக்கு வந்தார். ஒரு எண்ணைத் தட்டினார். ‘இது கேமா, சாஃப்ட்வேரா?’ என்றார். கதை சார் என்றாய். ‘கதை எழுதணும்னா பத்திரிகைக்கு அனுப்பும்மா. இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? அதுவும் தமிழ்ல’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நீ அவர் முதுகைப் பார்த்து ‘சாரி சார்’ என்றாய். எதற்கு சாரி? மிஷின் அவர்களுடையது. அவசரம் அவருடையது. தமிழ் உன் தாய் பேசுகிற பாஷை. இதில் உன் தப்பு எங்கே இருக்கிறது என்று நான் வருஷக்கணக்கில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டிமேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாய். அதற்கப்புறம் நீ அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன். அது உனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போன பிறகு, எனக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில், துண்டை எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்குவேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி பெயரைத் தட்டினால் கதை வரும். அக்காவை ஒரு தடவை ரயிலேற்றிக் கூட்டிப்போய்விட்டு வருவேன். அப்புறம் மறுபடி மூடிவைப்பேன்.

இனிமேல் எழுதுவதுதான் நேற்று நான் உன்னிடம் சொல்ல வைத்திருந்தது. நீ அங்கே அந்தப் பெரியவர் முன்னால் உட்கார்ந்திருந்த அதே நாள் காலையில், ஏழுமலை மாமா இங்கே வந்தார். பேத்திக்குக் காது குத்துகிறார்களாம், பத்திரிகை வைக்க வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஆரம்பித்தார். பொண்ணுக்கு வயசாகிறது, கல்யாணம் பண்ணாமல் வெளியூருக்கு வேலைக்கு அனுப்புகிறீர்கள், எல்லாம் இந்த டப்பா பண்ற வேலை, எடைக்குப் போட்டுத் தொலை என்றார். ‘இத்தினி வருசமா மூடி மூடி வெச்சிக்கினு கீறியே, இதுல இன்னாதான்மே கீது?’ என்றார்.

‘குந்து அண்ணே, காட்றேன்’ என்றேன்.

துண்டை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். அக்கா வந்தாள், அரக்குப் புடவையும் மஞ்சள் கோடுமாக. மாமா, யார் என்று கேட்கவில்லை. அந்த ஒன்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ வரைந்த முகம் சரி என்று. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். என்ன எண்ணைத் தட்டவேண்டும் என்று நான் காட்டினேன், அவரே தட்டினார். ஸ்டேஷன், வண்டி, கம்பெனி, பல்புகள் வரிசையாக எரிகிற படம் எல்லாம் வந்தது. அப்புறம் நம் வெள்ளானூர் வீடு. விளக்கு வைத்தாகிவிட்டது, அக்கா வரவில்லை. என்ன செய்வீர்கள்? ஒன்று, தேடிப் போவேன். இரண்டு, அவள் ஓடிவிட்டாள், யாரும் தேடக்கூடாது.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ‘உம் பொண்ணா எழுதினா?’ என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இரண்டைத் தட்டினார். பிடிவாதம் எங்கே போகும்? கதை அந்த வழியில் போனது. கவிழ்த்துவைத்த அக்கா தட்டு வந்தது. மழை வந்தது, வெயில் வந்தது. அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அடுத்த படத்தில் தலை நரைத்து நின்றாள், அதற்கடுத்த படத்தில் ரோடு மட்டும் இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ‘முதல்லேர்ந்து வரச் சொல்லு’ என்றார்.

மறுபடி போட்டேன். மறுபடி அவ்வளவு வரிகளையும் எழுத்துக்கூட்டிப் படித்து அதே இடத்துக்கு வந்தார். இந்தத் தடவை ஒன்றைத் தட்டினார். திரை கறுப்பாகி, நடுவில் ஒரே ஒரு வரி வந்தது. இந்த வழி இன்னும் எழுதப்படவில்லை.

‘இன்னா இது, கெட்டுப் போச்சா?’

‘கெடலை அண்ணே. அவ்ளோதான் கீது.’

‘தேடிக்கினு போனா இன்னா ஆவும்னு எழுதலையா?’

‘நம்ம ஊட்ல யாரு போனது? அவ எதைப் பார்த்து எழுதுவா?’

அவர் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘அவகூட வேலை பார்த்த பொண்ணு ஒண்ணு அம்பத்தூராண்ட பாடியில கீது. இந்திராணி’ என்றார்.

‘உனக்கு எப்படித் தெரியும் அண்ணே?’ என்றேன். அம்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தாராம். அந்த அம்மா இவரை அடையாளம் கண்டு கிட்டே வந்தாளாம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாராம். அது நடந்து வருஷம் பல ஆகிவிட்டதாம். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள், தேவி. நான் அவரை என்னென்ன கேட்டேன் என்று இங்கே எழுதவில்லை. வயதில் மூத்தவர், அண்ணன் என்றெல்லாம் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து ஜன்னல் எல்லாம் திறந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, ‘நாளைக்கு வரியா, போலாம்’ என்றார்.

மறுநாள் போனோம். பாடியில் இந்திராணி வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், ‘சரோஜா தங்கச்சியா?’ என்றாள். என் முகத்தில் இருக்கிறதாம். உட்காரவைத்துச் சொன்னாள். பல்பு உடைந்து கை கிழித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு தரமாட்டேன் என்றானாம் கம்பெனிக்காரன். கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றது உன் பெரியம்மாவாம். அன்றைக்கே சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பிவிட்டார்களாம். வேலை போச்சு என்று வீட்டுக்குப் போனால் அண்ணன் உரித்துவிடுவார் என்று பயந்து, கூட வேலைபார்த்த ஒருத்தியோடு கோயம்புத்தூருக்கு மில் வேலைக்குப் போனாளாம். எவன்கூடவும் இல்லை. ஒருத்தன்கூடவும் இல்லை. இத்தனை வருஷம் இந்த ஊர் அவளைப்பற்றிப் பேசினதெல்லாம் பொய்.

சில மாதம் கழித்து ஒரு தடவை வந்தாளாம். இந்திராணி வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். ‘எங்க ஊட்லேர்ந்து யாராச்சும் என்னைத் தேடிக்கினு வந்தாங்களா?’ இந்திராணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. யாரும் வரலை என்று சொல்லிவிட்டாள். உன் பெரியம்மா ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குப் போய்விட்டாளாம். அதற்கப்புறம் வரவில்லை. மில் எந்தப் பக்கம் என்று இந்திராணிக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல். அறுபது தாண்டிய மனுஷன், செத்தாலும் பிடித்த பிடியை விடாதவன். என் அம்மா கண்ணீரால் முடியவில்லை, என்னால் முடியவில்லை, சாமியால் முடியவில்லை. அவரை வீட்டுப் படி இறக்கித் தேடிப் போகவைத்தது நீ செய்த ஒரு கறுப்புத் திரை. அந்த நேரத்தில் நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொந்தமாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கோபம் வருமா வராதா?

போகிற ஊரில் உனக்குப் பெரிய பெரிய மிஷின்கள் கொடுப்பார்கள். அவையும் நின்றுபோகும், நீ ராப்பகலாகச் செய்ததை எவனாவது கேட்காமல் அழிப்பான். அழித்தவனிடம் ஏன் அழித்தாய் என்று கேள். குரல் உயர்ந்தால் உயரட்டும். உன் தப்பாக இருந்தால் ஒரு தடவை மன்னிப்புக் கேள், போதும். மற்றவன் தப்புக்கு நீ வட்டி கட்டாதே. உன் பெரியம்மா அடுத்தவள் கைக்காயத்துக்காக நின்றவள். அந்த வீட்டுப் பெண் நீ. சொந்த வேலைக்காகவாவது நிற்கவேண்டாமா?

மாமா இன்று காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார், கோயம்புத்தூர் வண்டிக்கு டிக்கெட் எழுதிப்போட. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உன்னை ஏற்றி அனுப்பிய மறுநாள் நாங்கள் கிளம்புகிறோம். அவள் இருக்கிறாளோ இல்லையோ, இருந்தால் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி உனக்குச் சொல்வேன். இனிப்பு தடவாமல் நீ அதை எழுது.

நீ காப்பி எடுத்துவைத்த பழைய டிஸ்க்கையும் பிளாப்பிகளையும் என் உள்பாவாடைத் துணியில் சுற்றி உன் சூட்கேஸின் அடியில் வைத்திருக்கிறேன். கட்டம் போட்ட தாள்களும் அங்கேதான் இருக்கின்றன. மூடி சரியாக மூடவில்லை என்றால், இரண்டு புடவையை எடுத்து வெளியே வை.

உன் அம்மா